ஸ்வாட் கேட்ஸ் இறுவட்டு கையில் கிடைத்துவிட்டது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளாகப் பாய் விரித்து, ஸ்வாட் கேட்ஸ் என்ற பழைய கார்ட்டூனை இறுவட்டில் (டிவிடி) பார்த்துக்கொண்டிருக்கிறோம். முதல் வாரம் நாலு பேர். போன வாரம் வாசலில் செருப்புக் கழற்ற இடமில்லை. செங்கலடி, களுவாஞ்சிக்குடி, மருதமுனை, அக்கரைப்பற்று என்று எல்லாப் பக்கமிருந்தும் தெரிந்தவர்களும், அவர்களுக்குத் தெரிந்தவர்களும் அழைத்து ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி முடியவில்லை. ஆகவே இங்கே ஒன்றாக எழுதிவிடுகிறேன். உங்கள் எல்லாரிடமும் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. அது நடுவில் வரும். அதுவரையாவது வாசியுங்கள்.

எந்தக் கார்ட்டூன் இது? இரண்டு பூனைகள், ஒரு கறுத்த விமானம். அவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது.

அதேதான். கண்ணைச் சுற்றி முகமூடி கட்டிய இரண்டு பூனைகள், டர்போகேட் என்ற ஜெட்டில் ஏறி மெகாகேட் நகரத்தைக் காக்கும் கதை. பெரிய உடம்புக்காரன், விமானத்தை ஓட்டுபவன் டீ-போன். மெலிந்தவன், ஆயுதங்களைச் செய்து இயக்குபவன் ரேஸர். குறி தப்பாமல் பட்டதும் "பிங்கோ" என்பானே, அவன். பகலில் இருவரும் சான்ஸ், ஜேக் என்ற பெயர்களில் பழைய இரும்பு வளவு ஒன்றில் கார் திருத்துகிறார்கள். அவர்கள்தான் அந்த வீரர்கள் என்பது ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

கனடாவைச் சேர்ந்த கிறிஸ்டியன் ட்ரெம்பிளே, இவோன் ட்ரெம்பிளே என்ற சகோதரர்கள் படைத்த கதை இது. டாம் அண்ட் ஜெர்ரியை உருவாக்கிய வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும் 1957இல் தொடங்கிய ஹன்னா-பார்பரா நிறுவனம் இதைத் தயாரித்தது. ஓவியங்களைப் பெரும்பாலும் அசைய வைத்தது ஜப்பானின் மூக் என்ற கலைக்கூடம். அந்த இருண்ட வானமும், கட்டடங்களுக்கு நடுவே சிவந்து எரியும் வெளிச்சமும் மற்ற அமெரிக்கக் கார்ட்டூன்களில் இல்லாத அழுத்தத்தோடு இருப்பதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் 1993 செப்டெம்பர் 11ஆம் திகதி தொடங்கி 1995இன் முதல் வாரத்தோடு நின்றுவிட்டது. இரண்டு பருவங்கள்தான் வந்தன.

நம் பக்கத்தில் இதை எப்போது பார்த்தோம்?

ஆளுக்கு ஆள் மாறும். எங்கள் ஒழுங்கைக்குக் கேபிள் இணைப்பு வந்தது 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு. அதற்கு முன்பே பெரிய டிஷ் வைத்திருந்த வீடுகள் ஒன்றிரண்டு இருந்தன. அந்த வீட்டுப் பிள்ளைகளோடு சண்டை பிடித்தால் கார்ட்டூன் இல்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். இந்தியாவின் கார்ட்டூன் நெட்வொர்க் தமிழில் பேசத் தொடங்கியிருந்த காலம் அது. அதுவரை எங்களுக்குக் கார்ட்டூன் என்றால் விளங்காத மொழியில் ஓடுவது. அசைவைப் பார்த்துக் கதையை நாங்களே கட்டிக்கொள்வது. திடீரென்று ஒரு பூனை தமிழில் பேசியது. அன்று சோற்றுக் கோப்பையோடு எழுந்து நின்றது இன்னும் நினைவிருக்கிறது.

மருதமுனையில் இருந்து வரும் நண்பர், தறிச் சத்தத்துக்கு மேலாகக் கேட்க வேண்டும் என்று தொலைக்காட்சியைக் கத்தவிட்டு வாப்பாவிடம் பேச்சு வாங்கியதைச் சொல்கிறார். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்த எங்கள் உறவினர்களுக்கு மின்சாரமே எட்டாத காலம். விடுமுறைக்குப் பாலம் கடந்து எங்கள் வீட்டுக்கு வந்தால்தான் அவர்களுக்கு இந்தப் படம்.

இறுவட்டு இப்போதுதான் வெளிவந்ததா?

இல்லை. வார்னர் நிறுவனம் தன் ஆவணக் களஞ்சியத் தொகுப்பில் முழுத் தொடரையும் 2010 டிசம்பர் 14ஆம் திகதி வெளியிட்டது. நிகழ்ச்சி நின்று பதினைந்து வருடம் கழித்து! இடையில் ஹன்னா-பார்பரா டர்னர் குழுமத்துக்குச் சொந்தமாக இருந்தது. டர்னர் 1996இல் டைம் வார்னரோடு இணைந்தது. அப்படித்தான் இந்தப் பூனைகள் வார்னரின் அலுமாரிக்குள் போனார்கள்.

கடையில் அடுக்கி விற்கும் இறுவட்டு அல்ல இது. யாராவது கேட்டால் மட்டும் அவருக்கென்று ஒரு பிரதி எழுதி அனுப்பினார்கள். முதலில் அமெரிக்காவுக்குள் மட்டுமே விற்றார்கள். ஆகவேதான் எங்கள் கைக்கு வர இத்தனை காலம். கனடாவில் இருக்கும் என் சின்னம்மாவின் மகன், அமெரிக்காவில் இருக்கும் நண்பர் ஒருவரின் முகவரிக்கு எடுப்பித்து, ஊருக்கு வந்தபோது உடுப்புகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தான். சின்னம்மா கொடுத்துவிட்ட எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகு, கடைசியில் ஒரு பழைய சாரத்தைப் பிரித்துக் காட்டினான். அட்டையில் டர்போகேட். இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள்போல் நிலத்தில் அமர்ந்து உறையைத் தடவிக்கொண்டிருந்தோம்.

எல்லாம் கைத்தொலைபேசியில் கிடைக்கும்போது இறுவட்டு எதற்கு?

கைத்தொலைபேசியில் கிடைப்பது பெரும்பாலும் யாரோ ஒளிபரப்பிலிருந்து பதிந்து, ஓரம் வெட்டி, நிறம் வெளிறிப்போன துண்டு. இன்று இருக்கும், நாளை நீக்கப்பட்டிருக்கும். இறுவட்டில் படம் தெளிவாக இருக்கிறது. உதாரணமாக, இரும்பு வளவின் அடியில் இருக்கும் விமானக் கூடத்தின் சுவர்களில் எத்தனை குழாய்கள், எத்தனை கருவிகள் வரைந்திருக்கிறார்கள் என்பதை நான் இப்போதுதான் கண்டேன். அந்தக் காலத்து 14 அங்குலப் பெட்டியில் அது வெறும் கறுப்பு. இன்னொன்றும் இருக்கிறது: நம் வீட்டு அலுமாரியில் இருப்பதை எவரும் தொலைவிலிருந்து அழிக்க முடியாது. இந்த ஊரில் பிறந்து, பொருள் இழந்து பழகியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தமிழில் இருக்கிறதா?

இல்லை. இதுதான் எல்லாரும் முதலில் கேட்பது. பதில் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் நெஞ்சு கனக்கிறது. வட்டில் இருப்பது ஆங்கில ஒலி மட்டும். அது குறைவானது என்று சொல்ல மாட்டேன். சார்லி ஆட்லரும் பேரி கோர்டனும் டீ-போனுக்கும் ரேஸருக்கும் உயிர் கொடுத்திருக்கிறார்கள். வில்லன் டார்க் கேட்டுக்குக் குரல் கொடுத்த ப்ரோக் பீட்டர்ஸின் அடிவயிற்றுக் குரலைக் கேட்டால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும்.

ஆனால் நாங்கள் கேட்டு வளர்ந்தது வேறு குரல்கள். முதல் ஞாயிறு படம் தொடங்கியதும் ஆரவாரம். ரேஸர் வாய் திறந்து ஆங்கிலத்தில் பேசியதும் விறாந்தை ஒரு கணம் அடங்கிப் போனது. பழைய வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினால் அறியாத ஒருவர் திறப்பதுபோல் இருந்தது என்றாள் என் மச்சாள். படம் திரும்பி வந்துவிட்டது, குரல் வரவில்லை. அந்தக் குரலை நாம்தான் தேட வேண்டும்.

எங்கே தேடுவது?

வேண்டுகோள் என்று சொன்னது இதைத்தான். உங்கள் வீட்டுப் பரணில், தட்டுமுட்டு அறையில், பெரியம்மாவின் தகரப் பெட்டியில் பழைய வீடியோ கசெற் இருக்கிறதா என்று பாருங்கள். மேலே என்ன எழுதியிருந்தாலும் பரவாயில்லை. "சாமத்திய வீடு", "அண்ணாவின் கலியாணம்", "திருவிழா" என்று எழுதியிருக்கும் கசெற்றின் கடைசியில்தான் வாய்ப்பு அதிகம். 180 நிமிடக் கசெற்றில் விழா இரண்டு மணித்தியாலத்தில் முடிந்திருக்கும். மிச்சத்தில் வீட்டுப் பிள்ளைகள் தொலைக்காட்சியிலிருந்து எதையாவது பதிந்திருப்பார்கள். விழா முடிந்து திரை நீலமாகவோ புள்ளி புள்ளியாகவோ ஆனதும் நிறுத்திவிடாதீர்கள். கசெற் முடியும்வரை ஓடவிடுங்கள்.

உங்களிடமே இல்லையா?

மூன்று இருந்தன. கசெற்றின் முதுகில் நீலப் பேனையால் பூனைத் தலை வரைந்து வைத்திருந்தேன். 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை கடல் வந்தபோது நாங்கள் உயிர் தப்பினோம். வீட்டில் சுவர்கள் மட்டும் மிஞ்சின. கல்லடியிலும் நாவலடியிலும் கல்முனைப் பக்கத்திலும் ஆட்களையே பறிகொடுத்த வீடுகள் இருக்கும்போது கசெற்றைப் பற்றிப் பேச வாய் வராது. பல வருடம் நான் பேசவும் இல்லை. இப்போது பேசுகிறேன், ஏனென்றால் கடல் எட்டாத ஊர்களில், செங்கலடியிலோ வெல்லாவெளியிலோ சம்மாந்துறையிலோ, இன்னும் சில இருக்கக்கூடும்.

இதுவரை ஏதாவது கிடைத்ததா?

கிடைத்தது. ஏழு நிமிடம்.

களுவாஞ்சிக்குடியில் ஒரு மாமி கொண்டுவந்து தந்த கசெற். அவருடைய மூத்த மகளின் சாமத்திய வீடு. பந்தல், ஆலாத்தி, வரிசையாக வந்து படமெடுக்கும் உறவுகள், பின்னால் ஒலிபெருக்கிப் பாட்டு. மாமி ஒவ்வொருவரையும் காட்டி, இவர் இல்லை, இவரும் இல்லை, இவர் லண்டனில் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்காகவே நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டோம். விழா முடிந்தது. நீலத் திரை. மாமி எழுந்து தேநீர் போடப் போனார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு திரை ஒருமுறை குலுங்கி, மேல் ஓரம் சரிந்து, பாதி வசனத்தில் டீ-போன் தமிழில் பேசினான்.

யாரும் அசையவில்லை. படத்தில் கோடுகள் ஓடின, நிறம் சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே தடுமாறியது. குரல் மட்டும் துல்லியமாக இருந்தது. பதிவில் இன்னொரு சத்தமும் எங்கிருந்தோ வருவதுபோல் இருந்தது. கூர்ந்து கேட்டால், அது என் மச்சாள் அழும் சத்தம். மாமி குசினியிலிருந்து ஓடிவந்து, "என்ன பிள்ளை, யாரைக் கண்டீர்கள்?" என்று கேட்டார். ஏழாவது நிமிடத்தில், டர்போகேட் மேலெழும்பும் இடத்தில், கசெற் முடிந்துவிட்டது.

எங்கள் கசெற்றில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. போட்டுப் பார்க்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். அது பூஞ்சணம். வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் நம் ஊர் ஈரத்தில் அது வராமல் இருந்தால்தான் அதிசயம். கசெற்றின் சிறு கண்ணாடி வழியாகப் பார்த்தால் நாடாச் சுருளின் மேல் வெள்ளைப் பொடிபோலத் தெரியும். அப்படியே வீடியோ டெக்கில் போட்டால் மூன்று நட்டம்: பொடி டெக்கின் தலையில் ஒட்டிப் படம் மங்கும், அடுத்துப் போடும் நல்ல கசெற்றுக்கும் தொற்றும், ஒட்டிக்கொண்ட நாடா இழுபட்டு அறுந்தும் போகலாம். வெயிலில் காயவைப்பதும் கூடாது. சூட்டில் நாடா நெளியும். காற்றோட்டமான நிழலில், தாளில் சுற்றி, நிமிர்த்தி வையுங்கள். நாங்கள் கசெற்றின் ஓட்டைக் கழற்றி, முகமூடி அணிந்து, ஐசோபுரப்பைல் அற்ககோல் தொட்ட மென்துணியால் மெதுவாகத் துடைக்கிறோம். ஒரு கசெற்றுக்கு ஒரு மாலை முழுவதும் போகும். கவலை இல்லை, மாலைகள் எங்களிடம் இருக்கின்றன.

பூஞ்சணம் இல்லாவிட்டாலும், பல வருடம் சுற்றாமல் கிடந்த கசெற்றைப் பார்ப்பதற்கு முன் ஒருமுறை கடைசிவரை வேகமாகச் சுற்றி, திரும்பவும் முதலுக்குக் கொண்டுவாருங்கள். ஒட்டியிருந்த சுற்றுகள் விடுபடும்.

கசெற்றிலிருக்கும் தமிழ்க் குரலை இறுவட்டுப் படத்தோடு சேர்க்க முடியுமா?

முடியும், பொறுமை வேண்டும். டெக்கிலிருந்து வரும் மூன்று வயர்களில் மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. சிறிய பதிவுக் கருவி ஒன்றைக் கணினியில் பொருத்தி ஒலியை எடுத்துக்கொள்ளலாம். சிக்கல் அதன் பிறகுதான். அந்தக் காலத்து அமெரிக்கத் தொலைக்காட்சி என்டிஎஸ்சி (NTSC) என்ற ஒளிபரப்பு முறை. இந்தியாவும் இலங்கையும் பால் (PAL) என்ற வேறு முறை. இந்தக் கார்ட்டூன் நொடிக்கு 24 சட்டகமாக, அதாவது 24 தனிப் படங்களாக எடுக்கப்பட்டது. பால் முறைக்கு மாற்றும்போது சில வேளைகளில் அதை நொடிக்கு 25 ஆக ஓடவிட்டுவிடுவார்கள். வேகம் ஏறத்தாழ 4 சதவீதம் கூடும். 22 நிமிடப் பகுதியில் அது ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைந்த வித்தியாசம். குரலும் கொஞ்சம் மெலிந்து உயரும்.

எங்கள் ஏழு நிமிடத்தை முதலில் வட்டுப் படத்தின் மேல் அப்படியே வைத்தோம். தொடக்கத்தில் உதடும் சொல்லும் பொருந்தின. மூன்றாவது நிமிடத்தில் ரேஸர் பேசி முடித்த பிறகுதான் திரையில் வாய் திறந்தான். ஒலியின் வேகத்தை 4 சதவீதம் குறைத்ததும் கடைசிவரை பொருந்தியது. அதே அளவுக்குக் குரல் தாழ்ந்ததும், நாங்கள் சிறு வயதில் கேட்டதைவிட டீ-போன் கொஞ்சம் வயதானவனாக ஒலித்தான். அவனுக்கும் எங்களோடு வயது போயிருக்கிறது என்று எடுத்துக்கொண்டோம்.

அந்த இறுவட்டு நம் ஊர் பிளேயரில் ஓடுமா?

வாங்க நினைப்பவர்கள் இரண்டைப் பார்க்க வேண்டும். ஒன்று வலயக் குறியீடு, அதாவது உலகின் எந்தப் பகுதியில் ஓட வேண்டும் என்று வட்டுக்கு இடும் எண்: அமெரிக்கா 1, தெற்காசியா 5. இங்கே விற்கும் பிளேயர்கள் பல எல்லா வலயத்தையும் ஏற்கும். கணினியில் பார்த்தாலோ வலயத்தை மாற்றும் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு, விளையாட்டாக மாற்றிவிடாதீர்கள். மற்றது என்டிஎஸ்சி. இப்போதைய தொலைக்காட்சிகளுக்கு அது பிரச்சினையே இல்லை. பழைய குழாய்ப் பெட்டி என்றால் படம் கறுப்பு வெள்ளையாக வரலாம்.

வட்டைக் கவனமாக வையுங்கள். தொழிற்சாலையில் அச்சுக் குத்திய வட்டைவிட, கேட்டவருக்கு எழுதித் தரும் வட்டு மென்மையானது. அதன் சாயப் படலம் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் பயந்தது. ஜன்னலோரம், காருக்குள், தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் வைக்க வேண்டாம்.

ஜெட் விமானத்துக்குப் பயந்து பதுங்கியவர்கள் நாம். ஜெட் விமானக் கார்ட்டூனை எப்படி இவ்வளவு நேசிக்கிறீர்கள்?

வந்தாறுமூலையிலிருந்து ஒருவர் இதைக் கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே அறிய விரும்பினார். நானும் பல நாள் யோசித்திருக்கிறேன்.

கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து விடுமுறைக்கு வந்த என் சின்னத் தங்கை முறையான ஒருத்தி, டர்போகேட் புறப்படும் சத்தம் கேட்டவுடன் எழுந்துபோய்க் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டாள். அழவில்லை. பழக்கப்பட்டவள்போல், காதைப் பொத்தி, வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள். கிபிர் போர் விமானம் வந்தால் அப்படிச் செய்ய வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அப்போது அவளுக்கு ஏழு வயது. என் அப்பா ஒன்றும் சொல்லாமல் சத்தத்தை முழுக்கக் குறைத்தார். அவள் வெளியே வந்து, சத்தமில்லாத படத்தைத் தூணைப் பிடித்தபடி கடைசிவரை பார்த்தாள். முடிந்ததும் கேட்டாள்: "இவர்கள் சுடும்போது கீழே ஆட்கள் நிற்கிறார்களா என்று பார்ப்பார்களா அண்ணா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். இரண்டாம் பருவத்தில் 'ரேஸரின் விளிம்பு' என்று தமிழில் சொல்லக்கூடிய பெயருடைய ஒரு பகுதி இருக்கிறது. சண்டையில் தன்னால் வழியில் நின்ற அப்பாவிகள் காயப்பட்டுவிட்டார்கள் என்று நம்பும் ரேஸருக்கு அதன் பிறகு கை நடுங்குகிறது. வென்றோம் என்று அவன் சொல்லவில்லை, எதிரியின் மேல் பழி போடவும் இல்லை. பார்க்கிறார்கள், தங்கச்சி. கீழே ஆட்கள் நிற்கிறார்களா என்று இவர்கள் பார்க்கிறார்கள். வானத்திலிருந்து வருபவன் அப்படியும் இருக்கலாம் என்று ஒரு கதையாவது சொன்னதால்தான், எங்களுக்குத் தெரியாமலே, இதை இவ்வளவு நேசித்தோம் போலிருக்கிறது.

அவள் இப்போது ஆசிரியை. மூன்றாவது ஞாயிறு அந்தப் பகுதியைப் போட்டபோது வந்திருந்தாள். சத்தத்தைக் குறைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்றாள்.

பிள்ளைகளைக் கூட்டிவரலாமா?

ஆறு ஏழு வயதுக்கு மேல் என்றால் கூட்டிவாருங்கள். அடிதடி அதிகம் என்று அந்தக் காலத்திலேயே அமெரிக்காவில் குறை சொன்னார்கள். பூதங்களும் பூச்சிகளும் உண்டு. சின்னஞ்சிறுசுகள் பயப்படும். ஆங்கிலம் விளங்காதே என்று யோசிக்க வேண்டாம். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் குடும்பத்தில் பிறந்த எங்கள் பெரியப்பா ஒருவர் பக்கத்தில் அமர்ந்து தமிழில் சொல்லிக்கொண்டு வருகிறார். டார்க் கேட் பேசும் இடங்களில் வடமோடிக் கூத்தின் அரசன் வரவுபோல் குரலை எடுத்துவிடுகிறார். பிள்ளைகள் இப்போது திரையை விட்டு அவரையே பார்க்கிறார்கள்.

எந்தப் பகுதியிலிருந்து தொடங்குவது?

ஒழுங்கின்படி பார்க்கத் தேவையில்லை. 'டார்க் கேட்டின் சீற்றம்' என்ற பகுதியை முதலில் பாருங்கள். சான்ஸும் ஜேக்கும் முன்பு நகரக் காவல் படையின் விமானிகளாக இருந்ததும், தளபதி ஃபெரலின் அவசரத்தால் விமானம் படைத் தலைமையகத்தில் மோதியதும், அந்த நட்டத்தை இவர்கள் தலையில் கட்டி இரும்பு வளவுக்குத் துரத்தியதும் அதில் வருகிறது. நியாயம் கிடைக்காதவர்கள் அதே ஊரைக் காக்கிறார்கள் என்பதை அறிந்த பிறகு மற்றப் பகுதிகளின் சுவையே வேறு. பேய் விமானி வரும் கதையும், பூமியின் தண்ணீரைத் திருட வரும் மியூட்டிலரின் கதையும் எங்களுக்குப் பிடித்தவை. வெள்ளக் கதை ஒன்றில் டீ-போனுக்கு நீந்தத் தெரியாது என்பது வெளிவரும். வாவியில் பிறந்து வளர்ந்த எங்கள் பையன்களுக்கு அதை நம்பவே முடியவில்லை.

துணை மேயர் கேலி பிரிக்ஸையும் கவனியுங்கள். மேயர் கோல்ஃப் விளையாடுகிறார். நகரத்தின் வேலை முழுவதும் அவள் மேசையில். சிறு வயதில் அவள் எங்கள் கண்ணில் படவே இல்லை.

பிரதி எடுத்துத் தருவீர்களா?

இல்லை. உரிமை வார்னருடையது. டிக்கெட் போட்டோ மண்டபம் எடுத்தோ காட்டவும் மாட்டோம். வீட்டில், நண்பர்களோடு, காசு வாங்காமல் பார்க்கிறோம். தேநீரும் கச்சானும் வீட்டுச் செலவு; மீன் பணிஸ் கொண்டுவருபவர்களைத் தடுக்க மாட்டோம்.

புதிதாக ஏதாவது வருமா?

தொடர் நின்றபோது மூன்று கதைகள் பாதியில் நின்றன. அவை வட்டில் இல்லை. 2015இல் ட்ரெம்பிளே சகோதரர்கள் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையத்தளம் மூலம் ரசிகர்களிடம் பணம் திரட்டிப் புதிய தொடருக்கு அடித்தளம் போட்டார்கள். 2022இல் திருவனந்தபுரத்தைத் தளமாகக் கொண்ட டூன்ஸ் நிறுவனம் அவர்களோடு சேர்ந்து அதைத் தயாரிப்பதாக அறிவித்தது. கேரளத்தில் உருவாகும் என்றால் தமிழ்க் குரலுக்கும் வழி பிறக்கும் என்று நம்புகிறேன்.

கசெற்றைத் தந்தால் திருப்பிக் கிடைக்குமா?

கட்டாயம். வாங்கும்போதே வீட்டுப் பெயரையும் ஊரையும் தாளில் எழுதிக் கசெற்றோடு சேர்த்துக் கட்டிவிடுகிறோம். கார்ட்டூனை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் வீட்டு விழாவையும் முழுவதுமாகப் பதிந்து, கசெற்றோடு சேர்த்து உங்களிடம் தருவோம். களுவாஞ்சிக்குடி மாமி அதை லண்டனுக்கு அனுப்பிவிட்டார்.

கொண்டுவரும்போது உறையோடு, பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவாருங்கள். பஸ்ஸில் வருபவர்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். சாரதிக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடியின் மேல் வைக்க வேண்டாம், அங்கே சூடு அதிகம்.